குரல்தான் வேலி

நேற்று இரவு மழை விட்டதும் வீட்டுக்குப் பின்னால் தவளைச் சத்தம் காதைப் பிளந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து கேட்டால் அது ஒரே இரைச்சல் இல்லை. குறைந்தது மூன்று விதமான குரல். கத்துவது ஆண்கள். பெண் தவளை அந்தக் கூச்சலுக்குள் தன் இனத்தின் குரலைத் தேடிப் போகிறது.

இயற்கையில் தங்களுக்குள் கலந்து பெருகி, மற்ற கூட்டங்களோடு கலக்காதவைதான் ஓர் இனம் என்று 1942இல் உயிரியலாளர் எர்ன்ஸ்ட் மயர் வரையறுத்தார். கலப்பே இல்லாமல் பிளந்து பெருகும் பாக்டீரியாவுக்கு இது பொருந்தாது. சரி, அது தனிக் கதை.

இனங்களுக்கு நடுவே நிற்கும் இந்த வேலிக்கு உதாரணமாக எல்லோரும் கோவேறு கழுதையைச் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது வட அமெரிக்காவின் சாம்பல் மரத்தவளைகள். இரண்டு இனங்கள். கையில் வைத்துப் பார்த்தாலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஒன்றின் செல்லில் 24 குரோமோசோம் (மரபுச் செய்தியைச் சுமக்கும் இழை), மற்றதற்கு 48. கலந்தால் குட்டிக்கு 36. பிழைத்தாலும் பெரும்பாலும் மலடு. தப்பான ஆணிடம் போனால் அவ்வளவு முட்டையும் வீண். அதனால் பெண் தவளை குரலின் துடிப்பைக் கவனிக்கிறது. 24 உள்ளது விறுவிறுவென்று கத்தும், 48 உள்ளது கொஞ்சம் நிதானம்.

அப்புறம் ஒன்று படித்தேன், நம்பவே முடியவில்லை. குளிர் இரவில் ஆணின் துடிப்பு மெதுவாகிவிடும். தப்பாகிவிடாதா? ஆகாது. அதே குளிரில் பெண்ணின் விருப்பமும் கூடவே மெதுவான குரலுக்கு மாறிவிடுகிறது!

இன்று ராத்திரியும் மேகம் கூடியிருக்கிறது. விளக்கை அணைத்துவிட்டு உட்காரப் போகிறேன்.