டிலனாய்க்குப் பத்து நாள் காவல்

ஜூன் 1 பிறந்தால் குளச்சலில் விசைப்படகுகள் எல்லாம் கரையேறிவிடும். ஜூலை 31 வரை மேற்குக் கடற்கரைக்கு மீன்பிடித் தடைக்காலம். கிழக்கே சின்னமுட்டத்துக்காரர்களுக்கு ஏப்ரல் 15-லேயே தொடங்கி ஜூன் 14-ல் முடிந்துவிடும். ஒரே கன்னியாகுமரி மாவட்டம், இரண்டு காலண்டர். மீனவர்களுக்காவது அரசு நிவாரணம் தருகிறது. எங்கள் வீட்டை ஒட்டிய பாழ்வீட்டில் குடும்பம் குடும்பமாக வாழும் பூனைகளுக்கு அதுவும் கிடையாது.

மற்ற மாதங்களில் அவை ஏலக்கூடத்துப் பக்கம் போய்த் தலை, குடல் என்று தின்றுவிட்டு, பகலெல்லாம் ஓடு சரிந்த கூரையில் படுத்துக் கிடக்கும். தடைக்காலத்தில் வள்ளக்காரர்கள் கொண்டுவருவதுதான் மீன். அதில் மனிதர்களுக்கே தட்டுப்பாடு. ஆகவே காலையில் மீன்காரரின் பைக் ஹாரன் கேட்டால் நாங்கள் வாசலுக்குப் போவதற்கு முன்பே அவை போய் நிற்கும்.

அதில் ஒன்றுதான் இந்தக் கடுவன். செம்பட்டை நிறம், பானை மாதிரித் தலை, சண்டையில் கிழிந்த ஒரு காது. எதிர்வீட்டு ஓய்வுபெற்ற வரலாற்று வாத்தியார் பார்த்தவுடன் பெயர் வைத்துவிட்டார்: டிலனாய். டச்சுக்காரர்களுக்கு ஆரஞ்சுதானே நிறம்! 1741-ல் இதே குளச்சலில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படையிடம் தோற்றுப் பிடிபட்ட டச்சுப் படைத்தலைவர் அந்த டிலனாய். எங்கள் டிலனாய் யாரிடமும் தோற்பதாகத் தெரியவில்லை. மீன்காரர் போன பிறகும் படியை விட்டு இறங்காது. சட்டியோடு யார் வந்தாலும் காதை மடக்கி, முதுகைத் தூக்கி, குக்கர் ஆவி விடுவதுபோல் சீறும். அம்மா புறவாசல் வழியாக வீட்டுக்குள் வர ஆரம்பித்தாள்.

தெருவில் ஆளுக்கொரு யோசனை. வெந்நீரை ஊற்று என்றார் ஒருவர் (அவர் வீட்டில் நாய்கூடச் சேராது). சாக்கில் கட்டித் திங்கள்சந்தையில் விட்டுவிடலாம் என்றார் இன்னொருவர். இதற்கிடையில் விடுமுறைக்கு வந்திறங்கினான் என் மச்சினன். சவூதியில் பத்து வருஷமாகச் சூப்பர்வைசர். "ஒரு பூனைக்கா அத்தான் இப்பிடிப் பயப்படுதிய?" என்று சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் செருப்போடு படியிறங்கினான். பூனையை நேருக்கு நேர் முறைத்துப் பார்த்தான். அதன் கணக்கில் அது சண்டைக்கு அழைப்பு. தப்பிக்க வழியாவது விட்டிருக்கலாம், சுவரோடு ஒதுக்கிவிட்டான். அடுத்து நடந்ததை யாரும் சரியாகப் பார்க்கவில்லை. மச்சினன் திண்ணைமேல் நின்றான். கெண்டைக்காலில் நான்கு கோடு, ரத்தம்.

அம்மா காபிப் பொடியோடு ஓடிவந்தாள். அதைத் தடுத்து, குழாயடியில் உட்கார வைத்து, ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவினோம். வெறிநாய்க்கடி நோய் நாயால் மட்டும் வருவதில்லை, பூனையாலும் வரும். ஆஸ்பத்திரியில் ரத்தம் வந்த கீறல் என்றதும், காயத்தைச் சுற்றி ஒரு மருந்து, அதுபோகத் தடுப்பூசி 0, 3, 7, 28 ஆகிய நாள்களில் என்று சீட்டு எழுதித் தந்தார்கள். காயத்தைச் சுற்றிப் போட்டபோது சூப்பர்வைசர் எழுப்பிய சத்தம் வெளியே வரிசையில் நின்ற குழந்தைகளை எல்லாம் அழவைத்தது. இருபத்தெட்டாம் நாள் திருவனந்தபுரத்தில் அவனுக்கு ஃபிளைட்.

கிளம்பும்போது டாக்டர் ஒரு வார்த்தை சொன்னார். ஊசியை நிறுத்தக் கூடாது, கூடவே பூனையையும் பத்து நாள் கவனியுங்கள். சாகிறதா, காணாமல் போகிறதா, நடத்தையில் மாற்றமா, வந்து சொல்லுங்கள்.

தொலையட்டும் என்று தெருவே நேர்ந்துகொண்டிருந்த பூனை ஒரு நாள்கூடத் தொலையக் கூடாது என்றாகிவிட்டது. காலையில் வரத் தாமதமானால் மச்சினன் முகம் வெளுத்துவிடும். "டிலனாய், டிலனாய்" என்று பாழ்வீட்டுச் சுவரில் ஏறிக் கூப்பிடுவான். தவறாமல் வரவைக்க ஒரே வழி, அவனே தன் காசில் சாளை வாங்கிப் போடுவதுதான். தினமும் ஒரே நேரம், ஒரே இடம், ஒரே தட்டு. தட்டை வைத்துவிட்டுக் கண்ணைப் பார்க்காமல் பின்வாங்கிவிடுவான். மூன்றாம் ஊசிக்குள் சீறல் பாதியாகிவிட்டது. பசிதான் பெரிய பங்கு என்று அப்போதுதான் உறைத்தது. மீதி, கடுவன்களுக்கே உரிய எல்லைச் சண்டை.

அந்த மீதிக்கு நாகர்கோவிலில் ஒரு கால்நடை மருத்துவரைப் பார்த்தோம். வேறு ஊரில் கொண்டு விட்டால் காலியான இடத்துக்கு இன்னொரு கடுவன் வரும், கருத்தடை செய்து அதே இடத்தில் விடுங்கள் என்றார். சாப்பிடும் இடத்திலேயே கூண்டை வைத்தோம். சாளைக்காக உள்ளே போனது, கதவு விழுந்தது, மேலே சாரத்தைப் போட்டு மூடியதும் சத்தம் அடங்கியது. அறுவைச் சிகிச்சை முடிந்து, அடையாளத்துக்கு நல்ல காதின் நுனியையும் வெட்டி அனுப்பினார்கள். ஹார்மோன் இறங்கச் சில வாரம் பிடித்தது. அப்புறம் சண்டையும் குறைந்தது, சுவரில் பீய்ச்சும் நாற்றமும் போயிற்று. வாத்தியாருக்கு ஏகக் கொண்டாட்டம். பிடிபட்ட டிலனாய் பிறகு திருவிதாங்கூர் படைக்கே தளபதியாகி உதயகிரிக் கோட்டையில் அடக்கமான கதையை, கேட்காதவர்களுக்கும் சொன்னார்.

மச்சினன் போன பிறகு சாளைச் செலவு எங்கள் தலையில் விழுந்தது. மாதக் கடைசியில் மீன்காரர் பற்று நோட்டை நீட்டினார். எங்கள் கணக்குக்குக் கீழே 'டிலனாய்' என்று தனிக் கணக்கு. எங்களுக்குப் போட்டதைவிட அதற்குப் போட்ட விலை கூட. என் மனைவி விடவில்லை, அது என்ன நியாயம் என்று கேட்டாள்.

"அதுக்கு நேத்தைக்குள்ள மீனு குடுத்தா தின்னாதுல்லா அக்கா" என்றார்.