பேஸ் வாசிச்சவரு பேரு என்ன?

அமெரிக்கக் கருப்பர்களோட சோல் மியூசிக்னு சொன்னா ஆளாளுக்கு அரேத்தா ஃப்ராங்க்ளின், ஓட்டிஸ் ரெட்டிங், மார்வின் கேன்னு பாடகர் பேராத்தான் அடுக்குவாங்க, தப்பில்ல, அந்தக் குரலுங்க அப்படி. ஆனா காரைக்குடி பக்கம் திருவிழாக் கச்சேரில பேஸ் கிட்டார் வாசிச்சுப் பொழைக்கிற எனக்கு, குரலுக்குக் கீழ ஓடுற வாசிப்புதான் முதல்ல காதுல விழும். இந்தப் பாட்டையெல்லாம் எனக்குக் காட்டுனது எங்க பெரியப்பச்சி. பினாங்குல வேல பாத்துட்டு ஊருக்கு வரும்போது ஒரு பெட்டி நெறைய கேசட் கொண்டாந்தாங்க, அட்டைல பாடகர் பேரு மட்டும்தான் இருக்கும், வாசிச்சது யாருன்னு கேட்டா அவங்களுக்கும் தெரியாது.

அவங்களுக்கு மட்டுமா, அமெரிக்காலயே ரொம்ப காலம் ஜனங்களுக்குத் தெரியாது. 1959ல பெர்ரி கார்டி குடும்பத்துல 800 டாலர் கடன் வாங்கி டெட்ராய்ட்ல ஆரம்பிச்ச கம்பெனிதான் மோடவுன், ஒரு சாதாரண வீட்டையே ஸ்டுடியோவா மாத்தி ஹிட் மேல ஹிட்டா குடுத்தாங்க. அதுல பெரும்பாலானதுக்கு வாசிச்சது ஃபங்க் பிரதர்ஸ்னு ஒரே கூட்டம். அதுல பேஸ் ஜேம்ஸ் ஜேமர்சன், வலது கை ஆள்காட்டி வெரல் ஒண்ணே ஒண்ணுதான், அந்த ஒத்த வெரலாலயே மொத்தத்தையும் வாசிச்சாரு. நான் ரெண்டு வெரல வெச்சுக்கிட்டு அவரு லைன தட்டித் தடவி புடிக்கிறேன், நோட்டு வந்துருது, அந்த நடை வரவே மாட்டேங்குது. இப்பேர்ப்பட்ட மனுசன் பேரு மோடவுன் ஆல்பம் அட்டைல மொத மொத வந்தது 1971ல, மார்வின் கேயோட வாட்ஸ் கோயிங் ஆன்ல. 1972ல கம்பெனி லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் போயிருச்சு, 1983ல ஜேமர்சன் செத்தும் போயிட்டாரு, பெரிய இசைக்காரங்களக் கௌரவிக்கிற ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம்ல அவர சேத்தது 2000த்துலதான். எனக்கு இது ஆறவே மாட்டேங்குது.

மெம்ஃபிஸ் ஊர்ல இருந்த ஸ்டாக்ஸ் கம்பெனி கத வேற. அவங்க ஒரு பழைய சினிமா தியேட்டர எடுத்து ஸ்டுடியோவா மாத்துனாங்க, தரைச் சரிவக் கூட அப்படியே விட்டுட்டாங்க. (ஸ்டுடியோன்னதும் நம்ம ஏவிஎம் நெனப்பு வருது, கிராமபோன் ரெக்கார்டு வியாபாரத்துலேர்ந்து வந்த செட்டியார், தேவகோட்டை ரஸ்தாவுல ஸ்டுடியோ போட்டுத்தான் 1947ல நாம் இருவர் எடுத்தாரு.) வெளிய ஊரே கருப்பு வெள்ளன்னு பிரிஞ்சு கெடந்த காலத்துல, உள்ள புக்கர் டி அண்ட் தி எம்ஜிஸ்ங்கிற அவங்க சொந்தக் குழுவுல ரெண்டு கருப்பர் ரெண்டு வெள்ளக்காரர் ஒண்ணா உக்காந்து வாசிச்சாங்க. ட்ரம்ஸ் அல் ஜாக்சன். எங்க குழு ட்ரம்மர் அண்ணனுக்கு ஹெட்போன்ல போட்டுக் காமிச்சேன். கண்ண மூடிக்கிட்டு தொடைல தாளம் போட்டுக்கிட்டே கேட்டுட்டு, "தம்பி, ரெண்டாவது அடியும் நாலாவது அடியும் ஒரு மயிரிழ பிந்தி விழுகுதுடா, ஆனா பாட்டு எங்கயும் தொங்கல பாத்தியா"ன்னாரு. அதான் விசயம். அந்தப் பிந்துன அடிலதான் பாட்டு நெஞ்ச நிமித்தி நடக்குது.

அந்த ஸ்டாக்ஸுக்கு என்ன ஆச்சு? 1967 டிசம்பர்ல அவங்களோட பெரிய பாடகர் ஓட்டிஸ் ரெட்டிங் விமான விபத்துல போயிட்டாரு. அடுத்த வருசம், அவங்க ரெக்கார்ட வித்துக் குடுத்த அட்லாண்டிக் கம்பெனியோட பிரியறப்ப பாத்தா, அதுவரைக்கும் அட்லாண்டிக் வழியா வித்த பாட்டோட மாஸ்டர், அதாவது மூலப் பதிவெல்லாம் அட்லாண்டிக்குக்கே சொந்தம்னு ஒப்பந்தத்துல இருக்கு! ஸ்டாக்ஸ ஆரம்பிச்ச ஜிம் ஸ்டூவர்ட் சரியா படிக்காம கையெழுத்துப் போட்டிருக்காரு. அப்பறமும் எந்திரிச்சு ஐசக் ஹேய்ஸ் மாதிரி பாடகருங்கல்லாம் பெருசா ஓடுனாங்க, 1975 கடைசில திவால்.

காசு விசயத்துல இன்னொண்ணு கேளுங்க. ரெஸ்பெக்ட் பாட்ட எழுதுனது ஓட்டிஸ், 1967ல அரேத்தா பாடித்தான் அது உலகத்துக்கே பாட்டாச்சு. ஆனா அமெரிக்கச் சட்டப்படி சாதாரண ரேடியோல பாட்டு ஓடுனா எழுதுனவருக்கும் பப்ளிஷருக்கும்தான் ராயல்ட்டி, பாடுனவங்களுக்குக் கெடையாது, வாசிச்சவங்களுக்கும் கெடையாது. இன்னிக்கும் அப்படித்தான். ஸ்ட்ரீமிங் வந்து மாறிருச்சான்னா, ஸ்பாட்டிஃபைல 2024லேர்ந்து வருசத்துக்கு 1000 தடவையாச்சும் ஓடாத பாட்டுக்கு ரெக்கார்டிங் ராயல்ட்டியே இல்ல. சின்ன ஊரு குழு எதுக்குத்தான் ரெக்கார்ட் பண்றது?

இத்தனைக்கும் நடுவுல டாப்டோன்னு ப்ரூக்ளின்ல ஒரு சின்ன கம்பெனி, டேப்லயே ரெக்கார்ட் பண்ணி, குழுவா உக்கார வெச்சு வாசிக்க விட்டாங்க. அங்க பாடுன ஷாரன் ஜோன்ஸ் ஜெயில் காவலரா வேல பாத்தவங்க, நாப்பது வயசுக்கு மேலதான் அவங்க ஆல்பம் வந்துச்சு. சார்ல்ஸ் பிராட்லிக்கு மொத ஆல்பம் 62 வயசுல. ரெண்டு பேரும் இப்ப இல்ல, ஆனா அவங்களக் கேட்டாத்தான் எனக்கு அடுத்த கச்சேரிக்கு பேஸ எடுக்கத் தோணுது.

ஏன்னா நம்ம பக்கமும் நெலம மோசம். முன்னாடி ஒரு மேடைல பன்னெண்டு பேரு வாசிச்ச எடத்துல இப்ப ரெண்டு பாடகரும் ஒரு லேப்டாப்பும் போதும், கரோக்கி ட்ராக் ஓடுது. கச்சேரிய வீடியோ எடுத்து யூட்யூப்ல யாராச்சும் போடுறாங்க, லட்சக்கணக்குல பாக்குறாங்க, வாசிச்சவன் பேரு கீழ கூட இருக்காது. 2012ல நம்ம காப்பிரைட் சட்டத்த திருத்தி கலைஞர்களுக்கும் ராயல்ட்டி உரிமைன்னு வந்துச்சு, கோயில் மேடை வரைக்கும் அது இன்னும் எட்டல.

காசு கெடக்கட்டும், பேரையாச்சும் கேப்போம்னு முத்துமாரியம்மன் திருவிழாவுக்கு வாசிக்கப் போற எடத்துல பேசுனோம். நோட்டீஸ்ல பாடகர் பேரோட தபேலா, ட்ரம்ஸ், கீபோர்டு, பேஸ் எல்லார் பேரும் போடணும்னோம். யோசிச்சாங்க, அப்பறம் எழுதிக் குடுங்கன்னுட்டாங்க, நேத்து அண்ணன் கையால எழுதிக் குடுத்தாச்சு.