கீலைப் பார்த்துத்தான் விலை: அடிபட்ட கார்பன் பானெட் வாங்கி விற்ற அனுபவம்

போன வடகிழக்கு மழை ஓய்ந்ததிலிருந்து என் ஓய்வு நேரமெல்லாம் இந்த வேலைக்குத்தான் போகிறது. லேசாக அடிபட்ட கார்பன் ஃபைபர் (கார்பன் நாரை ரெசின் என்ற பிசினில் தோய்த்து இறுக வைத்தது) கார் பானெட்டை, அதாவது இன்ஜின் மூடியை, மலிவாக வாங்குகிறேன், முடிந்த அளவுக்குச் சரிசெய்கிறேன், எங்கே அடி இருந்தது என்று காட்டியே விற்கிறேன். பெரிய லாபம் ஒன்றும் இல்லை. செலவு போக அடுத்த பானெட் வாங்கக் கையில் காசு நிற்கிறது, பொழுதுபோக்குக்கு அது போதும். நாகர்கோவில் பக்கம் இதைச் செய்ய நினைப்பவர்களுக்கு உதவும் என்று இதுவரை தெரிந்துகொண்டதை எழுதி வைக்கிறேன்.

சரக்கு எங்கிருந்து வருகிறது என்றுதான் முதலில் எல்லாரும் கேட்கிறார்கள். விபத்து வண்டியிலிருந்து வருவது குறைவு. பார்சலில் முனை உடைந்து வந்ததை வாங்கினவர் வேண்டாம் என்று திருப்பியிருப்பார், அது பாதி விலைக்கும் கீழே கிடைக்கும். வெயிலில் மஞ்சளித்துப் போனதால் ஆசை விட்டுப்போய் விற்பவர்கள் உண்டு. வண்டியை விற்கும்போது கம்பெனி பானெட்டையே திரும்ப மாட்டிவிட்டு, கார்பனை ஷெட் மூலையில் சாய்த்து வைத்துவிடுவார்கள். களியக்காவிளை தாண்டிக் கேரளத்துக்குள் போனால் வண்டியை மாற்றி அழகு பார்க்கும் ஆசை அதிகம், அப்படி மாற்றிய வண்டியை அதிகாரிகள் நிறுத்திச் சோதிப்பதும் அதிகம். அங்கிருந்து மார்த்தாண்டம் வரை வந்து பானெட்டைக் கையில் கொடுத்துவிட்டுப் போனவர்கள் இருக்கிறார்கள்.

விலை பேசும் முன் நான் பார்ப்பது அடிப்பக்கத்தை. விற்பவர் அனுப்பும் படம் எப்போதும் பளபளக்கிற மேல்பக்கமாகத்தான் இருக்கும். மேலே உள்ள கீறல், மஞ்சள், முனையில் சின்னச் சிராய்ப்பு எல்லாம் உழைப்பால் தீரும். கீல் மாட்டும் இரண்டு இடமும் நடுவில் லாக் கொக்கி வரும் இடமும்தான் பானெட்டின் உயிர். அங்கே விரிசல் இருந்தால் ஓடும் வண்டியில் காற்று உள்ளே புகுந்து பானெட் திறந்து கண்ணாடியில் வந்து அடிக்கலாம். மார்த்தாண்டத்தில் ஒரு போலோ பானெட் பார்த்தேன். மேலே ஒரு கீறல்கூட இல்லை, விலையும் ரொம்பக் குறைவு. திருப்பிப் பார்த்தால் வலது கீல் போல்ட்டைச் சுற்றி நகக்கண் அகலத்துக்கு வெள்ளைக் கோடு ஓடியிருந்தது. ரெசின் விட்டுப்போய் உள்ளே நார் பிரிந்திருப்பதற்கு அடையாளம் அது. அதை எப்படிப் பூசி மறைத்தாலும் இன்னொருவர் வண்டியில் மாட்டக் கொடுக்க எனக்கு மனசு வராது. விட்டுவிட்டு வந்தேன்.

அடுத்தது தட்டிப் பார்ப்பது. ஒரு ரூபாய் நாணயத்தின் விளிம்பால் விரற்கடை இடைவெளியில் தட்டிக்கொண்டே போனால் நல்ல இடத்தில் ‘டிக் டிக்’ என்று கூர்மையாகக் கேட்கும். படலம் பிரிந்த இடத்தில் ஓசை சட்டென்று அமுங்கிவிடும். மாறும் இடத்தையெல்லாம் சாக்பீஸால் குறித்துக்கொண்டே போவேன். முடிவில் நோய் எதுவரை என்று ஒரு வரைபடமே கிடைத்துவிடும். சத்தமில்லாத இடமாகப் பார்த்துச் செய்ய வேண்டும். வடசேரி பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு ஷெட்டில் தட்டிப் பார்க்க நின்றபோது ஹாரன் சத்தத்தில் ஒன்றும் பிடிபடவில்லை, பானெட்டைத் தூக்கி வீட்டுக்குள் கொண்டுபோய்த்தான் கேட்டோம்.

கார்பன் என்று விற்பதில் பாதி, மேலே ஒரே ஒரு படலம் கார்பன் துணி, கீழே முழுக்கக் கண்ணாடி நார். இதைக் குறை சொல்வதற்கில்லை, விலைக்கு ஏற்ற பொருள். ஆனால் வாங்கும்போது தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். அடியில் பெயின்ட் அடிக்காத ஓரத்தைத் தேடினால் பச்சையும் வெள்ளையும் கலந்த நார் தெரியும். எடையும் சொல்லிவிடும். இரும்பு ஒரு கன சென்டிமீட்டருக்கு 7.8 கிராம் வரும், கார்பனும் எபாக்ஸி என்ற ரெசினும் சேர்ந்த தகடு சுமார் 1.6 கிராம்தான். கண்ணாடி நார் இரண்டுக்கும் இடையில். முழுக் கார்பன் பானெட்டை ஒரு கையால் தூக்கிப் பார்த்தவருக்கு அடுத்த முறை தராசே வேண்டாம்.

நான் அதிகம் கற்றது ஒரு பழைய சிவிக் பானெட்டில். நடுவில் கிளியர் கோட் (மேலே அடிக்கும் நிறமில்லாத பளபளப்புப் பூச்சு) வெடித்து, வெடிப்பைச் சுற்றி பால் சிந்தியதுபோல வெள்ளை படர்ந்திருந்தது. கிளியரை உரித்துவிட்டு மேலே ரெசின் பூசினால் போதும் என்று பெயின்டர் ஒருவர் சொன்னார். எனக்குத் திருப்தி வரவில்லை. குளச்சல் கடற்கரையில் ஃபைபர் வள்ளம் பழுது பார்க்கும் ஓர் அண்ணனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். 2004 சுனாமிக்குப் பிறகு நம் கரையெங்கும் ஃபைபர் வள்ளம் பெருகியது. நார், ரெசின், காற்றுக்குமிழி, தண்ணீர் இந்த நாலும் எப்படிச் சண்டை போடும் என்று அந்த வேலைக்காரர்களுக்குத் தெரிந்த அளவுக்கு இந்த மாவட்டத்தில் வேறு யாருக்கும் தெரியாது. அவர் கட்டைவிரலால் அந்த வெள்ளையை அழுத்திப் பார்த்துவிட்டு, “மக்ளே, உள்ள தண்ணி நிக்கிது. காயாம மேல பூசுனா மறுபடியும் பொங்கும். மொதல்ல தொறந்து விடு, காத்து போவட்டும்” என்றார்.

அவர் சொன்னபடி வெடித்த கிளியரை எடுத்துவிட்டு, பானெட்டை வெயில் நேரடியாகப் படாத காற்றோட்டமான இடத்தில் சாய்த்து வைத்தேன். வெள்ளை மெல்ல மெல்ல சுருங்கியது. சுருங்காமல் நின்ற இடம் மட்டும் தண்ணீரால் வந்ததல்ல, நார் பிரிந்ததால் வந்தது. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். காயவிட்டால்தான் எது எது என்று பிரிந்து தெரியும்.

பிரிந்த இடத்துக்கு அடிப்பக்கத்திலிருந்து 2 மில்லிமீட்டர் துளை இரண்டு போட்டேன். ஒன்றில் ஊசி போடும் சிரிஞ்சால் எபாக்ஸியை ஏற்ற வேண்டும், மற்றதில் காற்று வெளியேற வேண்டும். எபாக்ஸியைக் கலக்கும் முன் புட்டியை வெந்நீரில் கொஞ்ச நேரம் வைத்தால் இளகி எண்ணெய்போல ஓடும், ஆனால் இறுகவும் சீக்கிரம் இறுகும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கலக்க வேண்டும். மறுதுளையில் குமிழி இல்லாமல் ரெசின் எட்டிப் பார்த்ததும் நிறுத்தி, இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் தாள் வைத்து கிளாம்ப் போட்டுவிட்டேன். மறுநாள் தட்டியபோது ‘டிக்’ என்று கேட்டதே, அந்தச் சந்தோஷத்துக்காகவே இந்த வேலையை இன்னும் செய்யலாம்.

வள்ளத்து ரெசினை இதற்கு எடுக்கக் கூடாது, இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. அவர்கள் பயன்படுத்துவது பாலியெஸ்டர் என்ற வேறு வகை ரெசின். கோபால்ட்டும் கேட்டலிஸ்ட்டும் சேர்த்தால் சூடாகி இறுகும், விலையும் குறைவு. ஆனால் இறுகிய எபாக்ஸி மேல் பாலியெஸ்டர் சரியாகப் பிடிக்காது, பழைய பாலியெஸ்டர் மேல் எபாக்ஸி நன்றாகவே பிடிக்கும். பானெட் எந்த ரெசினில் செய்தது என்று தெரியாதபோது எபாக்ஸிதான் பத்திரம். அதேபோல வள்ளத்துக்குப் போடும் மேட்டும் (நெய்யாமல், துண்டு நாரைப் பசையால் ஒட்டிய விரிப்பு) ஆகாது. அதன் பசை பாலியெஸ்டரில் உள்ள ஸ்டைரீனில்தான் கரையும். எபாக்ஸியில் விறைத்துக்கொண்டு நிற்கும். நெய்த துணிதான் வேண்டும். 3கே, இழை சாய்ந்து ஓடும் ட்வில் நெசவு, சதுர மீட்டருக்கு 200 கிராம் துணி பெரும்பாலான பானெட்டுக்குப் பொருந்துகிறது. 3கே என்றால் ஒரு கற்றையில் 3000 இழை.

அந்தத் துணி இறுகியபின் ஒரு படலம் கால் மில்லிமீட்டர் கனம்கூட வராது. மேலே இருப்பது பெரும்பாலும் ஒரே படலம். ஆகவே தேய்ப்பதுதான் கண்ணும் கையும் ஒன்றாய் நிற்க வேண்டிய வேலை. 600 நம்பர் வாட்டர் பேப்பரில் தொடங்கி, தண்ணீர் ஊற்றி ஊற்றித் தேய்க்கிறேன். வழிகிற தண்ணீர் வெள்ளையாக இருக்கும்வரை கிளியர் கோட்தான் போகிறது. சாம்பல் நிறமாக மாறிய அந்த நொடியில் கையை எடுத்துவிட வேண்டும், கார்பனைத் தொட்டுவிட்டோம். இதனால்தான் வெள்ளைத் துணி ஒன்றைப் பக்கத்தில் வைத்து அடிக்கடி துடைத்துப் பார்க்கிறேன். ஓரங்களிலும் மடிப்புகளிலும் பேப்பர் சீக்கிரம் ஆழமாகப் போய்விடும், அங்கே மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டுக் கடைசியில்தான் தொடுவேன். உலர்வாகத் தேய்க்கவே வேண்டாம். கார்பன் தூசி தோலில் ஏறினால் குளித்தாலும் அரிப்பு போகாது. நுரையீரலுக்கு அதைவிடக் கேடு. N95 முகமூடி, கையுறை, முழுக்கைச் சட்டை இல்லாமல் உட்காருவதில்லை.

நம் ஊர் ஈரப்பதம் எபாக்ஸிக்கு எதிரி. வருடத்தில் இரண்டு மழைக்காலம் பார்க்கிற மாவட்டம் இது. ஈரக்காற்றில் இறுகிய எபாக்ஸி மேல் மெழுகுபோல ஒரு பிசுபிசுப்பு படியும். அதைக் கழுவாமல் அடுத்த பூச்சைப் போட்டால் பிறகு தோலாக உரிந்து வரும். வெறும் தண்ணீரும் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரும் போதும், கழுவித் துடைத்துவிட்டு லேசாகத் தேய்த்துக்கொள்ளலாம்.

வெயிலும் சும்மா விடாது. அறை வெப்பத்தில் இறுகும் சாதாரண எபாக்ஸி 50, 60 டிகிரி செல்சியஸிலேயே இளகத் தொடங்கும். உச்சி வெயிலில் நிற்கும் கறுப்பு பானெட், கீழே இன்ஜின் சூடும் சேர்ந்தால், அதைத் தாண்டிவிடும். அப்போது பழுது பார்த்த இடத்தில் நெசவு மேடுபள்ளமாக எழும்பும். விற்ற ஒரு மாதத்தில் வாங்கினவர் திட்டுவது இதற்காகத்தான். அதனால் எபாக்ஸி முழுசாக இறுகி வெயிலைத் தாங்கட்டும் என்று, கிளியர் அடிக்கும் முன்பே பானெட்டைச் சூடாக்கி எடுத்துவிடுகிறேன். மாமாவின் தோட்டத்தில் ரப்பர் ஷீட் உலர்த்தும் புகையறையைப் பார்த்துதான் யோசனை வந்தது. தகரப் பெட்டி, உள்ளே பல்புகள், ஒரு தெர்மோமீட்டர், மேலே காற்று போக இடைவெளி. ரெசின் டப்பாவோடு வரும் தாளில் எத்தனை டிகிரி, எவ்வளவு நேரம் என்று போட்டிருப்பார்கள். அதன்படி மெதுவாக ஏற்றி மெதுவாக இறக்க வேண்டும்.

கிளியர் அடிப்பதை நான் செய்வதில்லை. எபாக்ஸி வெயிலில் தானாகவே மஞ்சளிக்கும், அதை மறைத்துக் காப்பது புற ஊதாவைத் தடுக்கும் 2கே கிளியர்தான் (இங்கே 2கே என்றால் கிளியரும் ஹார்டனர் என்ற இறுக்கியும் கலந்து அடிக்கும் இரண்டு பாகப் பூச்சு). அதன் ஹார்டனரில் மூச்சுக்குக் கேடான ஐசோசயனேட் இருக்கிறது, வீட்டு முற்றத்தில் அடிக்கும் பொருள் இல்லை. பார்வதிபுரத்தில் ஸ்ப்ரே பூத் (பெயின்ட் அடிக்கும் மூடிய அறை) வைத்திருக்கும் பெயின்டரிடம் கொடுத்துவிடுகிறேன். 1500, 2000 பேப்பரும் பாலிஷும் மட்டும் என் கை.

கடலோரக்காரர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். கார்பன் மின்சாரம் கடத்தும். உப்பு ஈரம் பட்டால் அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் இரும்பும் அலுமினியமும் வேகமாக அரிக்கும். கீல் தகட்டில் துரு வீங்கி, நாரை உள்ளிருந்தே தூக்கிவிட்ட பானெட்டுகளை முட்டம், குளச்சல் பக்கம் பார்த்திருக்கிறேன். தகட்டுக்கும் கார்பனுக்கும் நடுவே ஒரு படலம் கண்ணாடித் துணி, உப்பைத் தாங்கும் 316 ரக ஸ்டெயின்லெஸ் போல்ட், அவ்வளவுதான் மருந்து.

விற்கும்போது படம் எடுப்பது காலை அல்லது மாலைச் சாய்வெயிலில். பழுது பார்த்த இடத்தைச் சுற்றி டேப் ஒட்டியே எடுக்கிறேன். அடிப்பக்கம், கீல், லாக், தராசில் எடை, எல்லாவற்றுக்கும் தனித்தனிப் படம். முனையில் வைத்த ஒட்டு நெசவோடு முழுசாக ஒன்றாது, கிட்டத்தில் பார்த்தால் தெரியும் என்றும் எழுதிவிடுகிறேன். இப்படி எழுதினால் பேரம் குறைகிறது, கேட்பவர்கள் நேராக விஷயத்துக்கு வருகிறார்கள். ஸ்விஃப்ட் பானெட் ஒன்று 8,000 ரூபாய்க்கு வாங்கி, பொருளும் கிளியரும் சேர்த்து 5,000 செலவாகி, 16,000-க்குப் போனது.

வாங்குபவர்கள் கோயம்புத்தூர், பெங்களூரு பக்கம் ரேஸ் டிராக்கில் ஓட்டுபவர்கள். ரோட்டு வண்டிக்குக் கேட்பவரிடம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பும் கம்பெனி தந்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கின்றன. ஆர்டிஓவில் கேட்டுவிட்டு வாங்க வாருங்கள் என்பேன். எப்படியும் பானெட் திறந்துவிடாமல் மேலிருந்து பூட்டும் பானெட் பின் இரண்டு போடாமல் மாட்ட வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்வேன்.

பேக்கிங் பற்றி இரண்டு வரி. முனைகள்தான் முதலில் உடையும், ஆகவே முனைக்கு முனை தடித்த ஃபோம், மேலே பப்பிள் ஷீட், சுற்றிலும் ரீப்பர் மரச் சட்டம். பானெட் சட்டத்தில் எங்கும் முட்டாமல் நடுவில் தொங்க வேண்டும். படுக்க வைத்தால் மேலே மூட்டை ஏற்றிவிடுவார்கள், அதனால் நிறுத்தியே அனுப்பச் சொல்லி பார்சல் ஆபீஸில் நின்று ஏற்றிவிட்டு வருகிறேன்.

இப்போது ஷெட்டில் அந்தச் சிவிக்கும், உள்சட்டம் (அடிப்பக்கம் ஒட்டியிருக்கும் தாங்கு சட்டம்) ஒட்டு விட்ட இன்னொரு ஸ்விஃப்டும் இருக்கின்றன. சிவிக் கிளியர் முடிந்து ஆறிக்கொண்டிருக்கிறது. சேலத்திலிருந்து ஒருவர் முன்பணம் தருகிறேன் என்கிறார். வெயிலில் சில நாள் வைத்து நெசவு எழும்புகிறதா என்று பார்த்த பிறகுதான் வாங்கிக்கொள்வேன். ஸ்விஃப்ட்டின் உள்சட்டத்தை இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்கு மழை, பிடிப்பதற்குள் ஒட்டி முடிக்க வேண்டும். அதற்குப் பழைய பசையைச் சுரண்டி எடுக்கும் வேலை பாதி நடந்திருக்கிறது.