காற்றில்லாத இடத்தில் ஆடிய கொடி

"நிலாவில் காற்றே கிடையாது, அப்புறம் கொடி எப்படிப் பறந்தது?" மனிதன் நிலாவில் இறங்கியதே பொய் என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா மறுபடியும் ஆரம்பித்துவிட்டார்.

1969-இல் மனிதன் முதன்முதலாக நிலாவில் இறங்கிய அப்பல்லோ 11 பயணத்தில் நட்ட கொடி சாதாரண நைலான் துணிதான். தொங்கிவிடக் கூடாதென்று மேல் விளிம்பைத் திரைச்சீலை மாதிரி மடித்துத் தைத்து, உள்ளே ஒரு குறுக்குக் கம்பியைச் செருகியிருந்தார்கள். அந்தக் கம்பி முழு நீளத்துக்கு இழுபடவில்லை. துணி சுருங்கி நின்றது. படத்தில் அது அலையாகத் தெரிகிறது.

கம்பத்தைத் திருகித் தரையில் ஊன்றும்போது கொடி நிஜமாகவே ஆடியது. தடுக்கக் காற்று இல்லாததால் சீக்கிரம் அடங்கவும் இல்லை.

அப்பல்லோ 12-இல் குறுக்குக் கம்பி கொக்கியில் நிற்கவில்லை, கொடி தொங்கிப்போனது. அந்தப் படத்தை மட்டும் சித்தப்பா ஃபார்வர்ட் செய்வதே இல்லை!