கட்டிடம் எந்தப் பக்கம் பார்க்கிறது?

கட்டிடங்களைப் படம் எடுக்கும் பழக்கம் எனக்குச் சென்னையில்தான் தொற்றியது. ஆரம்பத்தில் கண்ணில் பட்டதை, போன நேரத்தில் எடுத்துக்கொண்டிருந்தேன். இப்போதெல்லாம் கிளம்புமுன் வரைபடத்தைத் திறந்து ஒன்றைத்தான் பார்க்கிறேன்: முகப்பு எந்தத் திசை? வாடகைக்கு வீடு பார்க்கிறவர்களும் முதலில் இதைத்தான் கேட்பார்கள். அவர்களுக்கு வாஸ்து, எனக்கு வெயில்.

இதைக் கற்றுக்கொடுத்தது ரிப்பன் மாளிகை, அதாவது சென்னை மாநகராட்சி அலுவலகம். 1913-இல் திறந்த வெள்ளைக் கட்டிடம், ஏறக்குறைய தெற்கு நோக்கியது. மே மாதத்தில் ஊரே தகிக்கிறது, ஆனால் முகப்பு மட்டும் மங்கிக் கிடக்கிறது. ஏன் என்று யோசித்தால் விஷயம் சுலபம். சென்னை 13 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் 24 வாக்கில் சூரியன் நம் உச்சந்தலைக்கு மேல் வந்து வடக்கே போய்விடும். ஆகஸ்ட் 18 வாக்கில்தான் திரும்ப வரும். பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டி வைத்து ‘நிழலில்லா நாள்’ என்று காட்டுகிறார்களே, அந்த இரண்டு நாட்கள்தான். நடுவில் உள்ள மாதங்களில் தெற்கு பார்த்த சுவரை வெயில் உரசிக்கொண்டு போனாலே பெரிது. அதே கட்டிடத்தை ஜனவரியில் போய்ப் பாருங்கள். சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். காலை ஒன்பதிலிருந்து மூன்று மணி வரை எப்போது போனாலும் தூண்களும் வளைவுகளும் தனித்தனியாகத் தெரியும். வெள்ளைச் சுவர் படச்சட்டம் முழுக்க நிறைந்தால் கேமரா அதைச் சாம்பல் நிறமாக்கிவிடும் என்பதால், கேமராவில் வெளிச்ச அளவை (எக்ஸ்போஷர்) முக்கால் படி ஏற்றி வைத்துக்கொள்கிறேன்.

மெரினா வரிசை வேறு கதை. மாநிலக் கல்லூரி, ஐஸ் ஹவுஸ் எல்லாம் கடலைப் பார்த்து நிற்பவை, அதாவது கிழக்கு. ஆகவே காலைதான். ஆனால் சூரியோதயத்துக்கே ஓட வேண்டியதில்லை என்பது என் கட்சி. விடிந்ததும் வரும் வெயில் நேராக முகத்தில் அடிக்கும்; நிறம் நன்றாக இருக்கும், சுவர் மட்டும் தட்டையாகிவிடும். பத்து, பத்தரைக்கு வெயில் மேலிருந்து சரிந்து இறங்கும்போது ஒவ்வொரு விளிம்பும் தன் கீழே ஒரு கோடு நிழல் போடும். பூவேலை, ஜன்னல் வளைவு எல்லாம் அப்போதுதான் புடைத்துத் தெரிகின்றன. ஐஸ் ஹவுஸ் மட்டும் விதிவிலக்கு. பாஸ்டனிலிருந்து கப்பலில் வந்த ஐஸ்கட்டிகளைச் சேமிக்க 1842-இல் கட்டியது, முன்பக்கம் அரைவட்டம். வளைவான சுவரில் எந்த வெயிலும் ஓரிடத்தில் பளிச்சென்று விழுந்து ஓரத்தை நோக்கி மெல்ல நிழலாகக் கரையும். ஏழு மணிக்கே எடுத்துவிடலாம்.

கட்டிடம் பின்பக்கம் சாய்ந்து விழுவதுபோல் படத்தில் வருகிறதே, அதுதான் பலரும் கேட்பது. அண்ணாந்து பார்க்கக் கேமராவைத் தூக்கினால் அப்படித்தான் வரும். அண்ணா சாலை எல்.ஐ.சி. கட்டிடத்தில் பழகிப் பார்க்கலாம்: 177 அடி, 1959-இல் திறந்தபோது இந்தியாவிலேயே உயரமானது. சாலையின் எதிர்ப்பக்கம் நின்று, போனைச் செங்குத்தாக, துளியும் சாய்க்காமல் பிடிக்க வேண்டும். உச்சி வெட்டுப்பட்டால் போனில் அகலமாகக் காட்டும் 0.5 லென்ஸுக்கு மாற்ற வேண்டும். படத்தின் கீழ்ப்பாதி முழுக்க ஆட்டோவும் பேருந்துமாக இருக்கும்; இருக்கட்டும், வீட்டுக்கு வந்து அதை வெட்டிவிடலாம். மிச்சப் படத்தில் சுவர்கள் நேராக நிற்கும். எடிட்டிங்கில் நிமிர்த்துவதும் உண்டுதான், ஆனால் ஓரங்கள் பறிபோகும். அதற்கென்று இரண்டு பக்கமும் கொஞ்சம் வானத்தை விட்டு எடுப்பது நல்லது. இன்னொரு வழி, எதிர்க் கட்டிடத்தின் மூன்றாவது, நான்காவது மாடிக்கு ஏறிவிடுவது. கேட்டால் பெரும்பாலும் விடுகிறார்கள்.

கேட்பது என்றதும் நினைவுக்கு வருகிறது. பாரிமுனைப் பக்கம் ஆர்ட் டெகோ என்ற பாணியில் எழுந்த பழைய கட்டிடங்களுக்காக அலைந்துகொண்டிருந்தேன். மூலையில் வளையும் சுவர், ஜன்னல்களுக்கு மேல் புருவம்போல் ஓடும் சன்ஷேட், கப்பல் ஜன்னல் மாதிரி வட்டத் துவாரம், இவைதான் அடையாளம். 1940-இல் எழுந்த டேர் ஹவுஸ் அந்த வகையில் பெரியவர். மூலை தென்கிழக்கு பார்ப்பதால் முற்பகல் வெயில் சரியாக விழும். பக்கத்துத் தெருவில் ஒரு பழைய வாசலில் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தபோது காவலாளி எழுந்து வந்தார்.

“இன்னா சார், இடிக்கப் போறாங்களா?”

“இல்லண்ணே, சும்மா படம் எடுக்கிறேன்.”

“அப்போ ஞாயித்துக்கிழமை காலைல வா சார். ஒரு வண்டி நிக்காது. இன்னிக்கு எடுத்தா லாரிதான் வரும்.”

நூற்றுக்கு நூறு உண்மை. ஞாயிறு காலை அந்தத் தெருக்களில் கட்டிடங்கள் தரைவரை முழுதாகத் தெரிகின்றன. உயர் நீதிமன்ற வளாகம், ரயில் நிலைய உட்புறம் போன்ற இடங்களில் மட்டும் அனுமதி இல்லாமல் கேமராவை எடுப்பதில்லை. வெளியே சாலையிலிருந்து கிடைப்பது போதும்.

உள்ளூரில் இன்று விட்டால் நாளை போகலாம். வெளியூரில் அது முடியாது. மும்பை போனபோது இந்தத் திசைக் கணக்குதான் காப்பாற்றியது. ஓவல் மைதானத்தின் கிழக்கே ராஜாபாய் கோபுரம், பல்கலைக்கழகம், உயர் நீதிமன்றம் என்று கூர்வளைவுகள் கொண்ட விக்டோரிய கோதிக் பாணி வரிசை. மேற்கே ஆர்ட் டெகோ அடுக்ககங்கள். இரண்டும் மைதானத்தைப் பார்த்து எதிரெதிராக நிற்கின்றன. இரண்டையும் சேர்த்துத்தான் யுனெஸ்கோ 2018-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. காலையில் மைதானத்தில் நின்று மேற்கு வரிசையை எடுக்க வேண்டும். அப்போது கோதிக் பக்கம் முகம் கறுத்திருக்கும். மாலை நான்கு மணிக்கு அதே இடத்தில் திரும்பி நின்றால் போதும். 1878-இல் முடிந்த ராஜாபாய் கோபுரத்துக்கு உயரம் 280 அடி. அடியில் மரங்கள் மறைக்கின்றன. மைதானத்தின் மறு ஓரத்துக்குப் போய் 3 மடங்கு ஜூமில் எடுத்தேன். தூரம் கூடியதால் கேமராவைத் தூக்க வேண்டியிருக்கவில்லை, முன்னால் கிரிக்கெட் ஆடும் பையன்களும் கிடைத்தார்கள். மரைன் டிரைவ் மேற்கே கடலைப் பார்ப்பது. அங்கே மாலை மட்டும்தான்.

நடுப்பகலை என்ன செய்வது? அதற்குச் செட்டிநாட்டு வீடுகள். கானாடுகாத்தானில் முற்றத்துக்குள் உச்சிவெயில் நேராக இறங்கும் நேரம்தான் உள்ளே படமெடுக்கத் தோதானது. ஆத்தங்குடி டைல்ஸ் தரையில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சம் பர்மாத் தேக்குத் தூண்களின் அடியைத் தொடும். தெருவாசலில் நின்றால் ஒன்றன்பின் ஒன்றாக வாசல்கள், கடைசியில் பின்தெரு. முற்றத்துக்கு வெளிச்ச அளவு வைத்தால் சுற்றியுள்ள வளவு, அதாவது தூண் தாழ்வாரம், இருட்டாகும்; வளவுக்கு வைத்தால் முற்றம் வெளுக்கும். சுவரில் சாய்ந்துகொண்டு மூன்று வெளிச்ச அளவில் எடுத்துப் பிறகு சேர்க்கிறேன். இன்னும் கைவரவில்லை, சேர்த்த படத்தில் தூண்கள் பிளாஸ்டிக் மாதிரி மினுங்குகின்றன.

ரிப்பன் மாளிகையைத் திரும்ப எடுக்கத் தை பிறக்கட்டும் என்று வைத்திருக்கிறேன். அதற்குள் ஐப்பசி மழை வந்துவிடும். அப்போது எழும்பூர் அருங்காட்சியக வளாகம்: ஹென்றி இர்வின் வடிவமைத்து 1909-இல் திறந்த தேசியக் கலைக்கூடம் அங்கேதான் இருக்கிறது. மழையில் நனைந்தால் அந்தச் செந்நிறக் கல் இன்னும் அடர்ந்து காட்டும். அதன் முகப்பில் அவ்வளவு செதுக்கல். கடும் வெயிலில் ஒன்றின் நிழல் இன்னொன்றை மறைத்துவிடும். மூட்டமான வானமே அதற்கு நல்லது. திசை பார்க்க வேண்டியதில்லை, குடை பிடிக்க மட்டும் ஓர் ஆள் வேண்டும்.