நெபோஷ் ஐஜி2-வில் லெஜியோனெல்லா: வளைகுடாவில் எழுதுகிறவர்களுக்கு

வேலையிடப் பாதுகாப்புக்கான நெபோஷ் ஐஜிசி சான்றிதழ்ப் படிப்பின் இரண்டாவது பகுதியான ஐஜி2-வில், நாம் வேலை பார்க்கும் இடத்தையே எடுத்துக்கொண்டு ரிஸ்க் அசெஸ்மென்ட் (ஆபத்து மதிப்பீடு) எழுத வேண்டும். பத்து ஹசார்டு (ஆபத்து தரக்கூடிய விஷயம்), குறைந்தது ஐந்து வகைகளில் இருந்து. வளைகுடாவில் இதை எழுதிய நம்மவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் அநேகமாக எல்லோருக்கும் அதே பத்துதான்: ஏணி, தரையில் கிடக்கும் வயர், ஃபோர்க்லிஃப்ட், இரைச்சல், வெயில். தப்பில்லை. ஆனால் ஹோட்டல், கேம்ப், மருத்துவமனை, பெரிய ஆபீஸ் கட்டடம் என்று தண்ணீர் நிறையப் புழங்கும் இடத்தில் இருப்பவர்கள், தண்ணீரில் வளர்ந்து நிமோனியாவைத் தரும் லெஜியோனெல்லா என்ற பாக்டீரியாவை விட்டுவிடுவது எனக்கு வியப்பாக இருக்கிறது. நான் துபாயில் ஏசி, பிளம்பிங் மெயின்டனன்ஸ் பார்க்கிற ஆள். என் பத்தில் அதற்கும் ஓர் இடம் கொடுத்தேன். எப்படிப் படித்தாய், என்ன எழுதினாய் என்று சிலர் கேட்டதால் இதை எழுதுகிறேன்.

பாடத்திட்டத்தில் இது ஏழாவது எலிமெண்டில், ஆஸ்பெஸ்டாஸ், சிலிக்கா, சிமென்ட், மரத்தூள், கார்பன் மோனாக்சைடு ஆகியவற்றோடு வருகிறது. கையில் கிடைக்கும் நோட்ஸ்களில் பெரும்பாலும் ஒன்றிரண்டு பத்திதான் இருக்கும். அதை மட்டும் நம்ப வேண்டாம். பிரிட்டனின் வேலையிடப் பாதுகாப்பு அமைப்பான எச்எஸ்இ வெளியிட்ட எல்8 என்ற நடைமுறைக் கையேடும், எச்எஸ்ஜி274 என்ற தொழில்நுட்ப வழிகாட்டியும் இலவசமாகவே டவுன்லோட் ஆகும். எச்எஸ்ஜி274 மூன்று பகுதிகளாக இருக்கிறது: முதல் பகுதி கூலிங் டவர் போன்ற ஆவியாதல் முறைக் குளிர்விப்பு, இரண்டாவது சுடுநீர், பச்சைத் தண்ணீர் குழாய்கள், மூன்றாவது மற்றவை. எல்லாவற்றையும் படிக்க நேரம் கிடைக்காது. உங்கள் கட்டடத்தில் என்ன இருக்கிறதோ அந்தப் பகுதியை மட்டும் ஒழுங்காகப் படித்தால் போதும்.

நோயின் கதையை ஒரு முறை தெரிந்துகொள்வது நல்லது, மனதில் நிற்கும். 1976 ஜூலையில் பிலடெல்பியாவின் பெல்வியூ ஸ்ட்ராட்ஃபோர்ட் ஹோட்டலில் அமெரிக்க முன்னாள் ராணுவத்தினர் சங்கமான அமெரிக்கன் லீஜன் மாநாடு கூடியது. கலந்துகொண்டவர்கள் நிமோனியாவில் விழுந்தார்கள். 29 உறுப்பினர்கள் இறந்தார்கள். இதற்குக் காரணமான பாக்டீரியாவைக் கண்டுபிடிக்கவே அடுத்த ஆண்டு ஜனவரி வரை ஆனது. லெஜியோனெல்லா என்ற பெயர் அந்தச் சங்கத்தின் பெயரில் இருந்து வந்ததுதான்.

படிக்கும்போது நான் ஒரு சங்கிலியாகத்தான் மனதில் வைத்துக்கொண்டேன். கிருமி ஆற்றிலும் குளத்திலும் இயல்பாகவே இருக்கிறது. கட்டடத்துக்குள் கொஞ்சமாக வந்து சேருவதை முழுக்கத் தடுக்க முடியாது. உள்ளே வந்த பின் 20 முதல் 45 டிகிரிக்குள் வெதுவெதுப்பு வேண்டும். தண்ணீர் தேங்க வேண்டும். சாப்பிட வண்டல், துரு, சுண்ணாம்புப் படிவு, குழாயின் உட்சுவரில் ஒட்டும் வழவழப்பான படலம் வேண்டும். இவ்வளவும் இருந்தாலும் அது தொட்டியிலேயே கிடந்தால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. நுண்ணிய திவலையாகத் தெறித்து, அதை ஒருவர் மூச்சோடு இழுக்க வேண்டும். மூச்சில் இழுப்பவர் புகைபிடிப்பவராகவோ, வயதானவராகவோ, சர்க்கரை அல்லது நுரையீரல் நோய் உள்ளவராகவோ இருந்தால் ஆபத்து கூடும். ஆளிடம் இருந்து ஆளுக்குச் சாதாரணமாகத் தொற்றாது. சங்கிலியில் எந்தக் கண்ணியை உங்கள் கட்டடத்தில் அறுக்க முடியும் என்பதுதான் கன்ட்ரோல். தேர்வில் இந்த வரிசையில் யோசித்தால் எதுவும் விட்டுப்போகாது.

இனி, வளைகுடாவில் எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம். எல்லா நோட்ஸ்களிலும் ஒரே வாய்ப்பாடு இருக்கும்: சுடுநீரை 60 டிகிரியில் சேமி, குழாயைத் திறந்த ஒரு நிமிடத்துக்குள் 50 வர வேண்டும், பச்சைத் தண்ணீர் இரண்டு நிமிடத்துக்குள் 20-க்குக் கீழே இறங்க வேண்டும். முதல் பாதி எங்கும் பொருந்தும். இரண்டாவது பாதி பிரிட்டனின் தட்பவெப்பத்துக்கு எழுதியது. ஜூலை மதியம் துபாயில் மொட்டை மாடித் தொட்டியில் இருந்து வரும் பச்சைத் தண்ணீரில் கை வைத்துப் பாருங்கள். ஹீட்டரை அணைத்துவிட்டு, பாத்ரூமுக்குள் இருக்கும் அந்த ஹீட்டர் தண்ணீரைப் பச்சைத் தண்ணீராகப் பயன்படுத்துகிற ஊர் இது. இங்கே "பச்சைத் தண்ணீர் 20 டிகிரிக்குக் கீழே வைக்கப்படும்" என்று எழுதினால், எழுதியவர் தன் கட்டடத்தைப் பார்க்கவே இல்லை என்று அர்த்தம்.

அப்படியானால் என்ன எழுதுவது? வெப்பத்தால் கட்டுப்படுத்த முடியாத இடத்தில் மற்ற கண்ணிகளைப் பிடிக்க வேண்டும். தொட்டிக்கு நிழல், இன்சுலேஷன், இறுக்கமான மூடி. ஒரு நாள் தேவைக்கு மேல் நீரைச் சேர்த்து வைக்காமல் தொட்டியின் மட்டத்தைக் குறைப்பது. வசதியுள்ள கட்டடங்களில் தொட்டி நீருக்கே சில்லர் போடுகிறார்கள். முக்கியமாகக் குளோரின்: சூடான நீரில் அது சீக்கிரம் குறைந்துபோகும். அதனால் தொட்டியில் அளந்துவிட்டுத் திருப்திப்படாமல், கடைசி மூலையில் உள்ள குழாயில் அளக்க வேண்டும். துபாய் முனிசிபாலிட்டிக்கு லெஜியோனெல்லாவுக்கென்றே தனி வழிகாட்டி உண்டு. பிரிட்டன் கையேட்டின் எண்ணையும் உள்ளூர் வழிகாட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்த பிறகுதான் எனக்கு இந்தப் பாடமே பிடிபட்டது.

எழுத உட்காரும் முன் கட்டடத்தை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். தண்ணீர் உள்ளே வரும் இடத்தில் தொடங்கி, கீழ்த் தொட்டி, பம்ப், மாடித் தொட்டி, ஹீட்டர், கடைசிக் குழாய் என்று அது போகும் வழியிலேயே போக வேண்டும். ஒரு காகிதத்தில் கோட்டுப் படமாக வரைந்துகொள்ளுங்கள். கையில் ப்ரோப் (நீருக்குள் விடும் முனை) உள்ள தெர்மாமீட்டர் ஒன்று. பேப்பர் கப்பைக் குழாய்க்கு அடியில் பிடித்து, நீர் ததும்பி வழியும்படி விட்டு, ப்ரோபை அதற்குள் வைத்து, ஒரு நிமிடம் ஆனதும் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். நான் பார்த்த கட்டடத்தில் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே உள்ள சிறிய ஸ்டோரேஜ் ஹீட்டர்கள் பலவற்றில் கரன்ட் பில்லுக்காக தெர்மோஸ்டாட்டைக் குறைத்து வைத்திருந்தார்கள். கப்பில் 41, 43 என்று வந்தது. தயிருக்கு உறை ஊற்றுகிற சூடு அது; கிருமிக்கும் அதுதான் பிடிக்கும்.

ஷவர் தலையைக் கழற்றிப் பாருங்கள். ஓட்டைகளைச் சுற்றி வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்திருக்கும்; உள்ளே வாஷரில் விரலை வைத்துத் தேய்த்தால் கறுப்பாக வழுக்கும். இதைக் கழற்றிச் சுண்ணாம்பு நீக்கிச் சுத்தம் செய்வது மூன்று மாதத்துக்கு ஒரு முறை நடக்க வேண்டிய வேலை. வாராவாரம் பயன்படாத குழாய்களைத் திறந்து சில நிமிடம் ஓட விடுவது இன்னொன்று. கேம்ப்பில் இருப்பவர்களுக்குத் தெரியும், வெக்கேஷன் சீசனில் ஒரு பிளாக்கே காலியாகக் கிடக்கும், அதுவும் கோடையின் உச்சத்தில். திரும்பி வந்தவர் முதல் காரியமாக ஷவரில்தான் நிற்பார். ரூம் சாவியைக் கொடுக்கும் முன் குழாய்களை ஓட விட்டாயிற்றா என்று கேட்க ஒரு ஆள் வேண்டும். இதை அப்படியே எழுதலாம்.

பலர் கவனிக்காத இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று, கெமிக்கல் ஸ்டோருக்கு வெளியே வெயிலில் நிற்கும் எமர்ஜென்சி ஷவரும் கண் கழுவும் ஐவாஷும். அவசரத்துக்கு மட்டும் திறப்பதால் நீர் தேங்கியே கிடக்கும். அமெரிக்காவின் ஆன்சி இசட்358.1 தரம் வாரம் ஒரு முறை திறந்து பார்க்கச் சொல்கிறது. இன்னொன்று, ஓய்வு நிழலில் வைத்திருக்கும் மிஸ்ட் ஃபேன். நுண்ணிய திவலை செய்வதுதான் அதன் வேலையே. அதன் தொட்டியை யார், எப்போது கழுவுகிறார்கள் என்று கேளுங்கள்; பதில் வரும் வேகத்திலேயே உங்களுக்குப் புரிந்துவிடும்.

ஒரு தவறான நம்பிக்கையையும் சொல்லிவிடுகிறேன். "ஏசியால் வரும் நோய்" என்று பொதுவாக எழுதாதீர்கள். ரூமில் உள்ள ஸ்ப்ளிட் ஏசி தண்ணீரைத் தெளிப்பதில்லை. ஆபத்து இருப்பது நீரை மேலிருந்து பொழிந்து காற்றால் குளிர்விக்கும் கூலிங் டவரில். 2002-இல் இங்கிலாந்தின் பாரோ இன் ஃபர்னஸ் ஊரில், நகராட்சியின் கலை மையத்தில் பராமரிப்பில்லாத கூலிங் அமைப்பில் இருந்து வெளியேறிய ஆவி பக்கத்துச் சந்தில் பரவி ஏழு பேர் இறந்தார்கள். "யாருக்குப் பாதிப்பு" என்ற கட்டத்தில் ஊழியர் என்பதோடு நிறுத்தாமல், தெருவில் போகிறவர், விசிட்டர், டவரைக் கழுவும் டெக்னீஷியன் என்று ஏன் எழுத வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. அந்த நகராட்சிக்கு 2006-இல் 1,25,000 பவுண்டு அபராதம் விழுந்தது.

இப்போது அந்த ஒரு வரியை எப்படி நிரப்புவது. "லெஜியோனெல்லா, தொட்டி கழுவப்படுகிறது, மாஸ்க் கொடுக்க வேண்டும்" என்று எழுதினால் சொன்னதும் சொல்லாததும் ஒன்றுதான். எந்த மாடி, எந்த ஷவர், என்ன டிகிரி, யார் பயன்படுத்துகிறார்கள், ஏன் தேங்குகிறது என்று வர வேண்டும். இருக்கும் கன்ட்ரோல்களை நேர்மையாக எழுதுங்கள்: தொட்டி கழுவிய ரெக்கார்டு இருக்கிறது, குழாயில் வெப்பம் அளந்த ரெக்கார்டு இல்லை. கூடுதல் கன்ட்ரோல்களில் வரிசை முக்கியம். பயன்படாத பைப்பை வெட்டி எடுப்பது முதலில். ஹீட்டரை 60-க்கு ஏற்றுவது அடுத்து. ஓட விடுவது, அளப்பது, எழுதி வைப்பது பிறகு. மாஸ்க் கடைசியில், அதுவும் சுத்தம் செய்கிறவருக்கு மட்டும். ஹீட்டரை ஏற்றினால் கை வெந்துவிடும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். குழாய்க்கு அருகே பச்சைத் தண்ணீரைக் கலந்து சூட்டைக் குறைக்கும் மிக்ஸிங் வால்வு போட வேண்டும். ஒரு கன்ட்ரோல் இன்னொரு ஹசார்டைக் கொண்டுவருவதை நீங்கள் யோசித்திருக்கிறீர்கள் என்று அது காட்டும்.

பத்தில் இருந்து மூன்று ஆக்‌ஷனைத் தேர்ந்தெடுத்து நியாயப்படுத்தும் பகுதியில் நான் ஹீட்டர் வெப்பத்தை வைத்தேன். செலவு கிட்டத்தட்ட இல்லை, அன்றே முடியும், பலன் பெரியது என்பதால் எழுத எளிது. சட்ட வாதத்துக்கு சர்வதேசத் தொழிலாளர் அமைப்பான ஐஎல்ஓ-வின் சி155 உடன்படிக்கையின் 16-வது பிரிவைப் பாருங்கள். முதலாளியின் கட்டுப்பாட்டில் உள்ள உயிரியல் காரணிகளைப் பற்றியே அதில் வருகிறது. பொதுவாக "சட்டம் சொல்கிறது" என்று எழுதுவதைவிட அது பலமானது.

படிப்பின் முதல் பகுதியான ஐஜி1 திறந்த புத்தகத் தேர்வில் இது வந்தால், கேள்வித்தாளில் கொடுத்த கதையை ஒட்டியே பதில் சொல்லுங்கள். பாடத்தைக் காப்பி அடித்து ஒட்டினால் மார்க் கிடைக்காது. தேர்வுக்குப் பின் வீடியோவில் ஒரு நேர்காணல் உண்டு. விடைத்தாள் நீங்கள் எழுதியதுதானா என்று பார்ப்பதற்காக அது. சொந்தமாக எழுதியவர் பயப்பட ஒன்றுமில்லை.

அப்புறம், சிலர் கேட்பது: ஐஜிசி முடித்தால் லெஜியோனெல்லா அசெஸ்ஸர் ஆகிவிடலாமா? முடியாது. கட்டடம் முழுவதையும் சர்வே செய்து, சாம்பிள் எடுத்து, லேப் முடிவைப் படிப்பதற்குத் தனிப் பயிற்சி இருக்கிறது. கிருமியை லேபில் வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் முடிவு வரவே பத்து நாளுக்கு மேல் ஆகலாம், நெகட்டிவ் வந்தாலும் அமைப்பு சரியாக இருக்கிறது என்று அர்த்தமில்லை என்பதெல்லாம் அங்கேதான் விரிவாகச் சொல்லித் தருவார்கள். இந்த வேலையிலேயே போக நினைப்பவர்கள் ஐஜிசி-க்கு அடுத்து அதைப் படிக்கலாம். மெயின்டனன்ஸ் அனுபவம் இருந்தால் பாதி விஷயம் ஏற்கெனவே கைப்பழக்கத்தில் இருக்கும்.