சேலைக்குள் ஒரு சைக்கிள்

மாடிப்படிக்குக் கீழே பழைய சேலை போர்த்தி ஒளித்து வைத்திருந்த சைக்கிளின் மணி மட்டும் இன்று காலை வெளியே தெரிந்தது.

மகள் பார்த்துவிட்டாள். ஒன்றும் கேட்கவில்லை. சேலையை இழுத்து மணியை மூடிவிட்டுப் போய்விட்டாள்.

அப்புறம் எனக்கு வேலையே ஓடவில்லை.

பாளையங்கோட்டையில் எங்கள் தெரு முழுக்க கிறிஸ்துமஸ் நட்சத்திரம் ஏறியாகிவிட்டது. ஆனாலும் 25-ஆம் தேதி விடியற்காலை ஆராதனை முடிந்து வந்த பிறகுதான் பரிசு. என் அம்மாவும் அப்படித்தான் காக்க வைத்தார். அந்தக் காத்திருப்பு எனக்கு இப்போதும் இனிக்கிறது.

ஆனால் அவள் அப்பாவுக்கு 21-ஆம் தேதி துபாய்க்கு விமானம். லீவு அவ்வளவுதான்.

பின்னால் பிடித்துக்கொண்டு ஓட 25-ஆம் தேதி யார் இருப்பார்கள்?

சாயங்காலம் சேலையை நானே எடுத்துவிட்டேன்.

இப்போது தெருவில் மணிச் சத்தம். "விட்றாதீங்கப்பா, விட்றாதீங்க!"